பத்துத் தோட்டாவும் பதினோராவது தோட்டாவும்

லின்சம், சிலியாவ் என்று மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரந்தாவைச் சுற்றித் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், துப்பாக்கி என்றால் அங்கே பெரும்பாலும் பன்னிரண்டு போர் வேட்டைத் துப்பாக்கிதான். நடுவில் மடித்தால் இரண்டு குழாய்களும் வாய் திறக்கும். பித்தளை அடிப்பாகம் வெளியே தெரிய இரண்டு தோட்டாக்களைக் கட்டைவிரலால் தள்ளி மூடினால் துப்பாக்கி தயார். இரண்டையும் சுட்டபின் மறுபடி மடித்து, வெற்றுத் தோட்டாக்களை உருவிப் போட்டுவிட்டுப் பைக்குள் கை விட வேண்டும். அதற்குள் செம்பனைக் கன்றின் குருத்தைத் தோண்ட வந்த காட்டுப்பன்றி அடுத்த டிவிஷனைத் தாண்டியிருக்கும். இந்தத் துப்பாக்கிக்கு எத்தனை தோட்டா என்று சட்டம் போட்டுச் சொல்ல அவசியமே இல்லை. குழாய்க்கு ஒன்று வீதம் இரும்பே கணக்கை முடித்துவிடுகிறது.

மேகசின் வந்தபோதுதான் சட்டம் எண்ணத் தொடங்கியது. தோட்டாக்களை அடுக்கி, கீழிருந்து சுருள்வில் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் பெட்டி அது. உடல், வில், தோட்டாவைத் தாங்கும் தகடு, அடிமூடி என்று உறுப்புகள் நான்குதான். சுடும் வேலை எதையும் அது செய்வதில்லை. ஆனால் ஒருவன் நிறுத்தாமல் எத்தனை முறை சுடலாம் என்பதை அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கிறது. 2011 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் டூசான் நகரில், நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த பேரங்காடி வாசலில் ஒருவன் 33 தோட்டா கொள்ளும் மேகசினோடு வந்து சுட்டான். ஆறு பேர் இறந்தார்கள், கிஃபர்ட்ஸ் தலையில் குண்டு பாய்ந்து பிழைத்தார். மேகசினை மாற்றும் அந்தச் சில நொடிகளில்தான் பக்கத்தில் நின்றவர்கள் அவன்மேல் பாய்ந்து மடக்கினார்கள். பெட்டிக்கு உச்சவரம்பு கேட்பவர்களின் வாதம் முழுவதும் அந்தச் சில நொடிகளில் அடங்கியிருக்கிறது: பெட்டி சிறிதானால் அப்படிப்பட்ட நொடிகள் கூடும்.

வாதம் எளிது. சட்டமாக எழுதும்போது அது ஒழுகத் தொடங்குகிறது. உலகம் முழுக்க எழுதப்பட்ட மேகசின் சட்டங்களைப் பார்த்தால், ஓட்டை விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் குறைவு. ஐந்தோ, பத்தோ, பதினைந்தோ, ஏதாவது ஒன்றைப் பேசி முடித்துவிடலாம். எதை எண்ணுவது, எப்போது எண்ணுவது, எந்தத் துப்பாக்கியோடு சேர்த்து எண்ணுவது என்ற வரையறையில்தான் ஓட்டை.

1994-ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினைப் புதிதாகச் செய்து பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்றது. ஆனால் சட்டம் வரும் முன்னரே செய்யப்பட்டவற்றைத் தொடவில்லை. அவற்றை வைத்திருக்கலாம், விற்கலாம், வாங்கலாம். ஆக, பழைய சரக்கு என்ற பெயரில் சந்தை தொடர்ந்து நடந்தது. பத்து ஆண்டு ஆயுளோடு பிறந்த அந்தச் சட்டம் 2004 செப்டம்பரில் காலாவதியானது, யாரும் புதுப்பிக்கவில்லை. பின்னோக்கிப் பாயாத சட்டம் எழுதுவது அரசியலுக்கு வசதி. ஏற்கெனவே வைத்திருப்பவனைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லையே.

கலிபோர்னியா மாநிலம் இன்னொரு வழியில் போனது. கழற்றக்கூடிய மேகசினும் வேறு சில அம்சங்களும் சேர்ந்த துப்பாக்கிகளைத் தடை செய்தது. கருவி ஏதேனும் இருந்தால்தான் கழற்ற முடியும் என்றால் அது கழற்றக்கூடிய மேகசின் ஆகாது என்றன விதிகள். தோட்டாவின் நுனியும் ஒரு கருவிதான் என்ற விளக்கமும் அவற்றில் இருந்தது. உடனே கடைகளில் ஒரு பொத்தான் வந்தது. விரலால் அழுத்தினால் அசையாது, தோட்டா நுனியால் குத்தினால் மேகசின் கழன்று விழும். சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது, நோக்கம் போயிற்று. 2016-இல் புதிய சட்டங்கள் இயற்றி அதை மூடுவதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. இந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தவர் யாரானாலும் அவருக்குச் சட்டக்கல்லூரியில் ஒரு நாற்காலி போடலாம்.

அதே மாநிலத்தில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. பெரிய மேகசினைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று 2016-இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் சட்டம் வந்தது. 2019 மார்ச் 29 அன்று கூட்டரசு நீதிபதி ரோஜர் பெனிட்டெஸ் அந்தத் தடை செல்லாது என்றார். மேல்முறையீட்டுக்காக அவரே தன் தீர்ப்பை நிறுத்தி வைத்தது ஏப்ரல் முதல் வாரத்தின் இறுதியில். இடைப்பட்ட அந்தச் சில நாட்களில் பெரிய மேகசின்கள் சட்டப்படியே மாநிலத்துக்குள் வந்து குவிந்தன. துப்பாக்கிப் பிரியர்கள் அதற்குச் 'சுதந்திர வாரம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எழுத்துப் பிழையும் இல்லை, வரையறைப் பிழையும் இல்லை. இரண்டு நீதிமன்ற ஆணைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் அங்கே ஓட்டை.

நியூயார்க் மாநிலம் 2013-இல் செய்தது கிட்டத்தட்ட நகைச்சுவை. பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின் வைத்திருக்கலாம், ஆனால் ஏழுக்கு மேல் நிரப்பக் கூடாது என்றது. மூடிய பெட்டிக்குள் ஏழு இருக்கிறதா எட்டு இருக்கிறதா என்று யார் போய் எண்ணுவது? 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்து என்ற வரம்பை ஏற்று, ஏழு என்ற வரம்பைத் தள்ளியது. கொலராடோவிலோ பதினைந்துக்கு மேல் கொள்ளும் மேகசினை விற்கத் தடை வந்ததும், அதே மேகசினைப் பிரித்து, உதிரிப்பாகங்களாகப் பையில் போட்டுச் சில கடைகள் விற்றன. பெட்டியாக இருந்தால் குற்றம், பாகங்களாக இருந்தால் வியாபாரம்!

கனடாவின் ஓட்டை இன்னும் நுட்பமானது. 1989-இல் மொன்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டபின் அங்கே வரம்புகள் வந்தன. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பெரிய ரகத் துப்பாக்கிகளில் நீளத் துப்பாக்கிக்கு ஐந்து, கைத்துப்பாக்கிக்குப் பத்து. ஆனால் மேகசின் எந்தத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டதோ அதை வைத்துத்தான் வரம்பு. எதில் செருகப்படுகிறது என்பது கணக்கில் இல்லை. கைத்துப்பாக்கிக்கென்று செய்த பத்துத் தோட்டாப் பெட்டி நீளத் துப்பாக்கியிலும் பொருந்தினால்? அது சட்டப்படி சரிதான் என்று கனடியக் காவல்துறையின் சுற்றறிக்கையே ஒப்புக்கொண்டது.

இதுவரை சொன்னவை சிரிக்க வைக்கலாம். நியூசிலாந்து சிரிக்க விடாது.

அங்கே 2019 வரை இருந்த சட்டப்படி, தானே தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கியை வேறு அம்சங்கள் இல்லாமல், பெரிய ரகத் தோட்டாவில் ஏழுக்கு மிகாத மேகசினோடு வைத்திருந்தால் சாதாரண 'ஏ' பிரிவு உரிமம் போதும். ஏழைத் தாண்டும் மேகசினைப் பொருத்தினால் அதே துப்பாக்கி ராணுவ வகையாக மாறிவிடும், கூடுதல் சோதனைகளோடு தரும் 'ஈ' பிரிவு ஒப்புதல் வேண்டும். ஆனால் அந்தப் பெரிய மேகசினை வாங்குவதற்கு எந்த உரிமமும் தேவையில்லை. துப்பாக்கி ஒரு கதவு வழியாகவும் மேகசின் இன்னொரு கதவு வழியாகவும் ஒரே வீட்டுக்குள் வரலாம். இரண்டும் உள்ளே சேரும்போதுதான் குற்றம், அப்போது பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனிடம் இருந்தது 'ஏ' பிரிவு உரிமம்தான். பெரிய மேகசின்களை அவன் தனியாக வாங்கியிருந்தான். ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 10 அன்று, 119-க்கு 1 என்ற வாக்கில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இம்முறை மேகசினையே தனிப்பொருளாகத் தடை செய்தார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் 56,000-க்கு மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. ஓட்டை இருப்பது முன்பே தெரியாததல்ல. துப்பாக்கிச் சட்டம் படித்த எவரும் அதைக் கண்டிருப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்தபின் எழுதப்பட்ட ஒப்பந்தம் உலகில் கடுமையானது என்று பேர் வாங்கியது. தானியங்கி ஏற்றமுள்ள வேட்டைத் துப்பாக்கியையும், முன்கட்டையைப் பின்னிழுத்து ஏற்றும் வேட்டைத் துப்பாக்கியையும் அது இறுக்கியது. ஆனால் நெம்புகோலை அசைத்து ஏற்றும் வேட்டைத் துப்பாக்கியை யாரும் நினைக்கவில்லை. கௌபாய் படத்துச் சாமான் என்று விட்டிருப்பார்கள் போலும். இருபது ஆண்டு கழித்துத் துருக்கியிலிருந்து ஏழு தோட்டா கொள்ளும் ஆட்லர் என்ற துப்பாக்கி அந்த வழியாகவே வந்து நின்றது. 2015-இல் இறக்குமதியை நிறுத்தி, 2016 டிசம்பரில் மாநிலங்கள் கூடி, ஐந்து வரை ஒரு பிரிவு, ஐந்துக்கு மேல் மிகக் கடுமையான பிரிவு என்று புதுக்கோடு கிழித்தார்கள்.

ஒழுகாத விதி எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் உண்டு. வலசைப் பறவைகளைச் சுடும் வேட்டைத் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது என்பது 1935 முதல் நடைமுறை. மேகசின் குழாய்க்குள் ஒரே துண்டான அடைப்பு இருக்க வேண்டும், துப்பாக்கியைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. மனிதருக்கான சட்டத்தைவிட வாத்துக்கான சட்டத்தை எழுதியவர் கவனமாக எழுதியிருக்கிறார். பிரிட்டனும் 1987 ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்கு மறு ஆண்டு இதே பாணியில், சாதாரண வேட்டைத் துப்பாக்கிச் சான்றிதழுக்கு இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளாத, கழற்ற முடியாத மேகசின் என்று நிபந்தனை போட்டது.

பிரிட்டன் என்றதும் மலேசியாவுக்கு வந்துவிடலாம். நம் 1960-ஆம் ஆண்டு சுடும் ஆயுதச் சட்டத்தின் வேர் அங்கேதான். சுடும் ஆயுதம் என்பதில் அதன் உறுப்புப் பாகமும் அடங்கும் என்று நம் சட்டம் சொல்வதும் பிரிட்டிஷ் வரைவாளரின் பழைய வாசகமே. அந்த வாசகத்தை பிரிட்டன் 2017-இல் பட்டியல் போட்டுச் சுருக்கியது: குழாய், தோட்டா அறை, உடற்சட்டம், பின்புற அழுத்தத்தைத் தாங்கும் பகுதி. மேகசின் அந்தப் பட்டியலில் இல்லை. கலிபோர்னியா வழக்கிலும் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெரிய மேகசின் ஆயுதமே அல்ல, துணைச்சாதனம்தான், ஆகவே அரசமைப்பின் பாதுகாப்பு அதற்கு இல்லை என்று சொல்லித் தடையைக் காப்பாற்றியது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் ஆயுதப் பாகம் அல்ல என்பதால் மேகசினுக்குச் சான்றிதழ் வேண்டாம். கலிபோர்னியாவில் ஆயுதம் அல்ல என்பதால் அதைத் தடை செய்யலாம்.

மலேசியா பட்டியல் போடவில்லை. உறுப்புப் பாகம் என்ற சொல் அகலமாகவே கிடக்கிறது. பிரித்துப் பையில் போட்டு விற்கும் கொலராடோ வித்தை இங்கே எடுபடாது. காரணம், இங்கே சட்டத்தின் பிடி பெட்டியின் மேல் இல்லை, ஆளின் மேல். உரிமம் இல்லாதவன் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. உரிமம் தருவதும் மறுப்பதும் மாநிலக் காவல்துறைத் தலைவரின் கையில். வேட்டைக்குப் போகிறவருக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி வேறு. கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பத்தா பதினொன்றா என்ற பேச்சுக்கே வழியில்லை.

ஆனால் அகலமான சொல்லுக்கு ஒரு விலை உண்டு. வியாபாரிக்கு ஓட்டை அடைபடும்போது அரசுத்தரப்புக்குக் கதவு அகலத் திறக்கிறது. அந்த விலையைத் தமிழர்கள் ஆரம்பத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. துரை பங்களாக்களுக்கு முள்கம்பி, காவலுக்குச் சிறப்புக் கான்ஸ்டபிள்கள், பெரட்டுக் களத்தில் துப்பாக்கி தாங்கிய ஆட்கள் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களின் முகமே மாறியது. ஒரு பக்கம் அரசே ஆயிரக்கணக்கில் துப்பாக்கி வழங்கியது. மறுபக்கம் அனுமதியின்றி ஆயுதம் ஏந்தினால் தூக்கு என்று அவசரகால விதி சொன்னது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் பிடிபட்டார். குற்றச்சாட்டு, ஒரு கைத்துப்பாக்கியும் அதற்கான தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. இந்தியா தலையிட்டும் பலனில்லை. மே 4 அன்று கோலாலம்பூர் பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. வைத்திருந்ததே குற்றம், அதற்கே உயிர்.

அவசரகாலம் முடிந்த 1960-லேயே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவும் வந்தது. அதன் 57-ஆம் பிரிவு அதே தர்க்கத்தைத் தொடர்ந்தது. பாதுகாப்புப் பகுதியில் துப்பாக்கியோ தோட்டாவோ அனுமதியின்றி இருந்தால் மரணம், நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்கும் உரிமையே இல்லை. 1969 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு நாடு முழுவதுமே பாதுகாப்புப் பகுதி ஆனது. பதினோராவது தோட்டா அல்ல, முதல் தோட்டாவே போதும்.

இப்படிப்பட்ட சட்டத்தில் வரையறையில் நுழைய வழியில்லாததால், வழக்கறிஞர்கள் நடைமுறையில் தேடினார்கள். பினாங்கில் ஒரு ரிவால்வரும் ஐந்து தோட்டாக்களும் வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்ட தே செங் போவின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஜூரி இல்லாமல் விசாரிக்க வகை செய்த 1975-ஆம் ஆண்டு பாதுகாப்பு வழக்கு விதிகள் அங்கே அடிபட்டன. முடக்கப்பட்டிருந்த நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில் மறுபடி கூடிய பிறகு அப்படி விதி செய்யும் அதிகாரம் மாமன்னருக்கு இல்லை என்று 1978 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. துப்பாக்கி இருந்ததா இல்லையா என்பது கேள்வியே இல்லை, விசாரணை நடந்த விதமே செல்லாது. கோலாலம்பூர் சும்மா இருக்கவில்லை. 1979 தொடக்கத்திலேயே நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி, செல்லாது என்ற விதிகளைப் பின்தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது. நியூசிலாந்தின் மேகசின் ஓட்டை கிறைஸ்ட்சர்ச்சுக்கு முன் ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடந்தது, கைதிக்குச் சாதகமான இந்த ஓட்டையோ சில வாரங்களில் அடைபட்டது. எந்த ஓட்டையை எவ்வளவு வேகத்தில் மூடுகிறார்கள் என்று பார்த்தாலே அதனால் யாருக்கு ஆதாயம் என்பது தெரிந்துவிடும்.

நடைமுறையின் பலம் ரந்தாவ்காரர்களுக்குப் புதிதல்ல. 2018 பொதுத்தேர்தலில் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியின் வேட்புமனு மையத்துக்குள் நுழையும் அட்டை இல்லை என்று பி.கே.ஆர். வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராமை வாசலிலேயே நிறுத்தினார்கள். எதிர்த்து ஆளில்லாமல் தேசிய முன்னணி வேட்பாளர் முகமட் ஹசான் வென்றார். அந்த அட்டை சட்டத்தில் கேட்கப்பட்டதே அல்ல என்று நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்ய, 2019 ஏப்ரல் 13-இல் இடைத்தேர்தல் நடந்தது.

2012-இல் இசா போய், பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டம் வந்தது. துப்பாக்கி வழக்குகளில் இப்போது முன்னுக்கு நிற்பது 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுத கூடுதல் தண்டனைச் சட்டம். அனுமதியின்றி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும். எண்ணிக்கை இங்கேதான் மெல்லத் தலைகாட்டுகிறது. இரண்டுக்கு மேல் துப்பாக்கி இருந்தால் அவன் கடத்தல்காரன் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவன் பாடு. 2024 மார்ச்சில் கோலாலம்பூர் ஹோட்டல் அறையில் ஆறு கைத்துப்பாக்கிகளும் சுமார் 200 தோட்டாக்களுமாக இஸ்ரேலியர் ஒருவர் பிடிபட்டபோது, ஆயுதக் கடத்தல் குற்றச்சாட்டு வந்ததற்கு இந்த விதியும் துணை. ஒரு துப்பாக்கிக்கு எத்தனை தோட்டா என்பது அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் எண், ஒரு ஆளுக்கு எத்தனை துப்பாக்கி என்பது இங்கே எண்.

ஆளைப் பிடிக்கும் சட்டத்துக்கும் ஓட்டை உண்டு என்பதை 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக் கிளை காட்டியது. பாதுகாவலராக இருந்தவன் பம்ப் கன் ரகத் துப்பாக்கியால் வங்கி அதிகாரியான பெண்மணியைச் சுட்டுக் கொன்று, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ரிங்கிட்டோடு ஓடினான். துப்பாக்கி சட்டபூர்வமானது. அதை ஏந்தியவனின் அடையாள அட்டைதான் போலி. பாதுகாப்பு நிறுவனத்தின் பேரில் துப்பாக்கி, அதைத் தோளில் மாட்டுகிறவன் யாரோ. மேகசினில் ஐந்து தோட்டாவா எட்டா என்று சட்டம் வகுத்திருந்தாலும் அன்று ஒன்றும் மாறியிருக்காது. நெகிரி செம்பிலானில் இதற்கு இன்னும் பெரிய இடத்து உதாரணம் உண்டு. சட்டமன்றச் சபாநாயகர் முகமட் தாஹா தாலிப் 1982 ஏப்ரல் 14-இல் கெமெஞ்சேயில் தன் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், மத்திய அமைச்சராகவே இருந்த மொக்தார் ஹாஷிம் 1983-இல் தூக்குத் தண்டனை பெற்றார். அது பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. உரிமம் தரும்போது பார்க்கும் அந்தஸ்து எதற்கும் உத்தரவாதம் அல்ல.

2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை போனது. அந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட குற்றத்தின்போது சுட்டால் தூக்கு ஒன்றே என்றிருந்த இடத்தில், இப்போது தூக்கா அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையா என்று நீதிபதி முடிவு செய்கிறார். கணபதி வழக்கு நடந்த காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய தூரம். உறுப்புப் பாகம் என்ற அகலச் சொல் மட்டும் அசையவில்லை.

அந்தச் சொல்லுக்கு அடுத்த வேலை முப்பரிமாண அச்சு இயந்திரம் தரப்போகிறது. நியூயார்க் 2013-இல் வரம்பு கொண்டுவந்த உடனேயே, டெக்சாஸைச் சேர்ந்த ஒரு குழு வீட்டு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கால் அச்சிடும் மேகசின் ஒன்றை வெளியிட்டு, அதற்கு அந்த மாநில ஆளுநர் குவோமோவின் பெயரையே சூட்டிக் கேலி செய்தது. அங்கே அது அரசியல் விளையாட்டு. இங்கே உறுப்புப் பாகமும் சுடும் ஆயுதம் என்றிருக்கும் வரை, அதே பிளாஸ்டிக் பெட்டியை அச்சிடுகிறவர் உரிமமின்றி ஆயுதம் தயாரித்தார் என்ற குற்றச்சாட்டுக்கு முகம் கொடுக்க நேரலாம். துப்பாக்கி எதுவும் அவரிடம் இல்லாவிட்டாலும்.